நாற்பது போக்ஸும் மூன்று கியரும்

அந்தப் பழைய சைக்கிளின் பின்சக்கரத்துக்கு நடுவில் இருந்தது முதலில் ஹப் மாதிரியே, அதாவது அச்சைச் சுற்றியிருக்கும் குடம் மாதிரியே, தெரியவில்லை. பல வருஷத்து எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகி, அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகு போலக் கறுப்பாக அப்பியிருந்தது. பழைய பனியன் துணியை நீளமாகக் கிழித்து, மண்ணெண்ணெயில் நனைத்து, போக்ஸ் கம்பிகளுக்கு இடையில் விட்டு ஹப்பைச் சுற்றி எடுத்தேன். இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, மத்துக் கயிறு இழுப்பது போல மாற்றி மாற்றி இழுத்தேன். பத்து நிமிடத்தில் இரும்பு தெரிந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் எழுத்து தெரிந்தது. ஸ்டர்மி ஆர்ச்சர், அது கம்பெனியின் பெயர். ஏ.டபிள்யூ., அது அவர்களுடைய மூன்று கியர் ஹப்பின் பெயர். பக்கத்தில் 61, கொஞ்சம் தள்ளி ஒரு 3.

1961, மார்ச். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்புகளில் செய்த வருஷத்தையும் மாதத்தையும் குத்தியிருப்பார்கள் என்று படித்திருந்தேன். படித்தது வேறு, என் கையால் துடைத்து அந்த எண் வெளியே வந்தது வேறு. துணியைக் கீழே போட்டுவிட்டு அப்பாவுக்கு ஃபோன் செய்தேன்.

ஸ்டர்மி ஆர்ச்சர் அப்போது ராலே சைக்கிள் கம்பெனியின் கிளை. அந்த ஹப் பிறந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் குடியிருப்பது இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தின் லென்டன் பகுதி. 1880-களில் இந்த ஊரின் ராலே தெருவில் சின்னப் பட்டறையாக இருந்ததை ஃபிராங்க் பௌடன் என்பவர் வாங்கிப் பெரிதாக்கினார். தெருவின் பெயர்தான் சைக்கிளின் பெயர். பிறகு ஆலை லென்டன் பக்கம் வந்தது. 1950-களின் தொடக்கத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் இங்கிருந்து போனது. 2002-இல் கடைசி வண்டி வெளியே வந்ததோடு ஆலையை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பகுதி இப்போது நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம். ஏரியும் மரப்பலகை போர்த்திய கட்டடங்களும் 60 மீட்டர் உயரத்தில் ஒரு சிவப்பு ஆரஞ்சுக் கோபுரச் சிற்பமும் இருக்கின்றன. லென்டன் புல்வார்டில் ராலேயின் பழைய தலைமை அலுவலகக் கட்டடம் மட்டும் அப்படியே நிற்கிறது, மார்க்கஸ் கார்வி பெயரில் சமூகக் கூடமாக. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

சைக்கிள் எனக்குக் கிடைத்தது எதிர்வீட்டுப் பெரியவரிடமிருந்து. பதினைந்து வயதில் ராலே ஆலைக்குள் போனவர், சக்கரம் கோர்க்கிற பிரிவில் வேலை பார்த்தவர். இந்த ஊர்க்காரர்கள் பிரியமானவர்களை 'டக்' என்று கூப்பிடுவார்கள். வாத்து என்று அர்த்தம், ஆனால் நம் ஊரில் 'கண்ணு' என்பது போலத்தான். அவர் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். தோட்டத்துக் கொட்டகையைக் காலி செய்ய உதவிக்குப் போன அன்று, சுவரோரம் சாக்குக்குப் பின்னால் இது நின்றது. பார் இல்லாத லேடீஸ் ஃபிரேம், கரும்பச்சை நிறம், ராலே ஸ்போர்ட்ஸ். அவர் மனைவி கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாங்கியதாம். ராட்ஃபோர்டில் இருந்த ப்ளேயர்ஸ் சிகரெட் ஆலைக்கு அதில்தான் போய் வந்தாராம். அந்த அம்மா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. "நீ ஓட்டுவதானால் எடுத்துக்கொள், டக். பழைய இரும்புக்காரனிடம் போட எனக்கு மனசு வரவில்லை" என்றார்.

நான் வளர்ந்தது சங்கரன்கோவில் பக்கம், தாத்தாவின் வாடகை சைக்கிள் கடையில். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் போவேன். மரப்பலகையில் ஆணி அடித்து, அதில் பழைய டயரும் ட்யூபும் தொங்கும். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்ச் சட்டி, கிரீஸ் டப்பா, பால்ரஸ் குண்டு போட்ட அலுமினியத் தட்டு. போக்ஸை முடுக்கிக் கோட்டம் எடுப்பதை தாத்தா கண்ணை மூடிக்கொண்டு செய்வார். கம்பியைத் தட்டி அது எழுப்புகிற சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லுவார். அப்பா அந்தக் கடையில்தான் தொழில் பழகினார், பிறகு அரசாங்க வேலைக்குப் போய்விட்டார். ஆனாலும் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் குனிந்து செயினைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

அன்று ஃபோனில் நான் எண்ணைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "போக்ஸ் எத்தனைம்மா?"

எண்ணினேன். முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் நாற்பது.

"அப்ப சரி. இங்கிலீஷ் வண்டிதான்" என்றார்.

இது அவருடைய சொந்தக் கணக்கு கிடையாது. பின்சக்கரத்தில்தான் பாரம் அதிகம், அதனால் அங்கே கம்பி அதிகம் என்பது பழைய ஆங்கிலேய வழக்கம். தாத்தா கடையில் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் அதே 32, அதே 40. நம் ஊர் சைக்கிள், ரோட்ஸ்டர் என்கிற இங்கிலாந்தின் கனமான சாதா சைக்கிளின் நேர் வாரிசு. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் முருகப்பா குழுமமும் 1949-இல் சேர்ந்து தொடங்கியது. 1960-இல் அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ராலேயையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆக, தாத்தா வாடகைக்கு விட்ட ஹெர்குலிஸும் என் கையில் இருந்த இந்தப் பச்சை ராலேயும் ஒருவகையில் பங்காளிகள். பங்காளியிடம் இல்லாத ஒன்று இதில் இருந்தது, அதுதான் கியர்.

அதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு கதை சொன்னார். அவருக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பக்கத்து ஊரில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் சீமையிலிருந்து வந்த மூணு ஸ்பீடு சைக்கிள் வைத்திருந்தார். பெடலை மிதித்தால் திடீர் திடீரென்று வழுக்கிக்கொண்டு போகிறது என்று கடைக்குக் கொண்டுவந்தார். தாத்தா சாயங்காலம் முழுக்க அதைத் தலைகீழாக நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹப்பில் இருந்த சின்ன மூடியைத் திறந்து எண்ணெய் விட்டார். கடைசியில், "இதைப் பிரிக்க எனக்குத் தெரியாதும்மா, பிரிச்சா திரும்பச் சேர்க்க முடியாமப் போயிரும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். காசு வாங்கவில்லை. தாத்தா வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை அப்பா கேட்டது அந்த ஒரு தடவைதானாம். "உள்ள என்னதான் இருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆனது அப்போதுதான்.

முதலில் பெயிண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பழைய சைக்கிள் கையில் கிடைத்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பது. வேண்டாம். அந்தக் காலத்து ராலேயில் இரும்பைத் துரு பிடிக்காதபடி பதப்படுத்தி, மேலே சூளையில் சுட்ட எனாமல் ஏற்றியிருப்பார்கள். அறுபது வருஷத்து அழுக்குக்குக் கீழே அது பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, பிறகு கார் மெழுகு. இவ்வளவு போதும். என் சைக்கிளில் சீட்டுக்குக் கீழே உள்ள குழாயில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை போய் இரும்பு தெரிகிறது. பூட்டுச் சங்கிலியைச் சுற்றிச் சுற்றி வைத்த இடம். ஆலை வாசலில் அந்த அம்மா ஒவ்வொரு நாள் காலையும் பூட்டிய தடம் அது. அதன்மேல் எண்ணெய் தடவினேன், பெயிண்ட் அடிக்கவில்லை.

ஆனால் ஒரு தப்பு செய்தேன். அந்தக் காலத்து எழுத்துகள் தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற படங்கள். பளபளப்பு ஏற்றுகிற கிரீமைப் போட்டுச் சங்கிலிக் கவசத்தின் மேல் தேய்த்தபோது, 'ராலே' என்ற பொன்னெழுத்தின் கடைசிப் பகுதி துணியோடு வந்துவிட்டது. அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு சுருங்குகிறது. நீங்கள் செய்வதானால் எழுத்துள்ள இடத்தில் வெறும் ஈரத் துணி, அதுவும் ஒத்தி எடுக்க மட்டும்.

குரோம் பூசிய பாகங்களுக்கு எளிய வழி இருக்கிறது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, தண்ணீரில் நனைத்து வட்ட வட்டமாகத் தேய்த்தால் மேல் துரு கரைந்து வந்துவிடும். ஹேண்டில்பார் ஒரு மாலைப் பொழுதில் முகம் பார்க்கிற அளவுக்கு வந்தது.

அடுத்தது காட்டர் பின். பழைய சைக்கிளில் பெடல் தண்டை அச்சோடு பிடித்திருப்பது ஆப்பு மாதிரி சீவிய ஒரு சின்ன இரும்பு ஆணி. அறுபது வருஷம் மிதித்த மிதியில் அது உள்ளே பற்றி உறைந்துபோயிருக்கும். பக்கத்தில் ஒரு சைக்கிள் கடையில் கேட்டேன், பெயர் வேண்டாம். "இதெல்லாம் இப்போது யாரும் பார்ப்பதில்லை, புது வண்டி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, நட்டைக் கழற்றி, சுத்தியலால் நானே தட்டினேன். பின் வரவில்லை, மரை நசுங்கித் தலை காளான் போல விரிந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "தண்டுக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி எல்லாம் பால்ரஸுக்குத்தான் போகும், டக்" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு இரும்புக் குழாயைக் கொண்டுவந்து தந்தார்.

குழாயின் ஒரு முனை தரையில், மறுமுனை பெடல் தண்டுக்கு அடியில், பின்னின் மறுபுறத்தைச் சுற்றி. ஒரு வாரம் தினமும் துரு இளக்குகிற எண்ணெய் விட்டேன். ஏழாவது நாள் பெரிய சுத்தியலால் ஒரே அடி. தயங்கித் தயங்கிப் பத்து அடி அடிப்பதைவிட மனசை உறுதியாக வைத்து ஒரு அடி அடிப்பதுதான் சரி என்று அவர் சொன்னார், அது உண்மைதான். பின் 'டொக்' என்று கீழே விழுந்தது. புதுப் பின் போடும்போது சீவிய பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, இரண்டு தண்டுக்கும் ஒரே அளவு உள்ளே இறங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் பெடல்கள் நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும்.

பெடல் அச்சின் இரண்டு பக்கமும் பால்ரஸ் குண்டு உருளுகிற கப் இரண்டிலும் லேசாகக் குழி விழுந்திருந்தது. புதுசு வரவழைத்தேன், மரையில் ஏறவே இல்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. மற்ற ஆங்கிலேயக் கம்பெனிகள் அந்த இடத்தில் அங்குலத்துக்கு 24 மரை வைத்தபோது, ராலே மட்டும் தனக்கென்று 26 வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் தன் ஆலைக்குள்ளேயே செய்த கம்பெனி அது. நட்டு போல்ட்டின் தலையில்கூட 'ஆர்' என்று குத்தியிருக்கும். ஆகவே பழைய கப்பையே துடைத்துப் போட்டேன். உள்ளே கால் அங்குல பால்ரஸ் குண்டு, பக்கத்துக்குப் பதினொன்று, புதுசாக. கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்து வைத்தபோது தாத்தா கடையின் அலுமினியத் தட்டு ஞாபகம் வந்தது. எட்டு வயதில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே குண்டு எண்ணுவதுதான்.

சரி, இப்போது ஹப்.

உண்மையில் பெரும்பாலான ஏ.டபிள்யூ. ஹப்புகளைத் திறக்கவே தேவையில்லை. மூடியைத் தூக்கி மெல்லிய எண்ணெய் நிறைய விட்டு, இரண்டு நாள் வைத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தால் உள்ளே பிசுபிசுத்துக் கிடப்பது இளகி எல்லாம் இயங்கத் தொடங்கிவிடும். எனக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். ஆனால் நான்கு நாள் ஆன பிறகும் முதல் கியரில் பெடல் காற்றில் சுற்றியது. பழைய எண்ணெய் பசையாகி, உள்ளே எதையோ பிடித்து வைத்திருந்தது. அதோடு, அப்பாவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே மத்தியானம், சமையலறை மேஜையில் பழைய பேப்பரை விரித்தேன். ஃபோனை பிஸ்கட் டின்னில் சாய்த்து அப்பாவை வீடியோ காலில் உட்கார வைத்தேன். ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க சைக்கிள் மெக்கானிக், 2008-இல் காலமானவர், இந்த ஹப்பைப் பிரிக்கும் முறையை ஒவ்வொரு படியாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வலப்பக்கம் பெரிய வளையம் ஒன்று ஹப் கூட்டுக்குள் திருகியிருக்கும். அதில் இரண்டு வெட்டு. வெட்டில் மழுங்கல் உளியை வைத்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் தட்டினால் திரும்பும். தட்டுவதற்கு முன்னால் வளையத்திலும் கூட்டிலும் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த மரைக்கு இரண்டு தொடக்கம் உண்டு. திரும்ப மாட்டும்போது தவறான தொடக்கத்தில் ஏற்றினால், சக்கரம் ஃபிரேமுக்கு நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும்.

வளையம் இளகியது. அச்சைப் பிடித்துத் தூக்கியதும் குடல் முழுவதும் ஒரே கொத்தாக வெளியே வந்தது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதைத் திருப்பிக் காட்டும்மா" என்றார். திருப்பினேன். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல."

நடுவில் அச்சு. அச்சிலேயே வெட்டியிருக்கிறது ஒரு பல்சக்கரம், இருபது பல். அது சுற்றவே சுற்றாது, சூரியன் மாதிரி நடுவில் நிற்கும். அதைச் சுற்றி நான்கு குட்டிப் பல்சக்கரங்கள், அவற்றுக்கும் இருபது பல், ஒரு கூண்டுக்குள் கோள்கள் போல ஓடும். எல்லாவற்றையும் வெளியிலிருந்து அணைத்துக்கொண்டு, உள்பக்கம் பல் வைத்த ஒரு வளையம், அறுபது பல். இவ்வளவுதான்.

செயின் வெளி வளையத்தைச் சுழற்ற, கோள்களின் கூண்டு சக்கரத்தைச் சுழற்றினால், செயின் ஒரு சுற்று கொடுக்க சக்கரம் முக்கால் சுற்று போகும். இது முதல் கியர், மேட்டுக்கு. தலைகீழாக, செயின் கூண்டைச் சுழற்ற, வளையம் சக்கரத்தைச் சுழற்றினால், ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சுற்று போகும். இது மூன்றாவது, சமதளத்துக்கும் பின்காற்றுக்கும். நடுக் கியரில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, ஒன்றுக்கு ஒன்று. ஒரே பல்சக்கரக் கூட்டத்தை எந்தப் பக்கத்திலிருந்து ஓட்டுகிறோம் என்பதை மட்டும் மாற்றி மூன்று வேகம் எடுத்துவிட்டார்கள். அதை மாற்றுவது சிலுவை வடிவத்தில் ஒரு சின்ன கிளட்ச். ஹேண்டில்பாரில் இருக்கிற லீவரை ஒரு விரலால் அழுத்தினால், கேபிள் அந்தச் சிலுவையை அரை விரற்கடை நகர்த்தும்.

இந்த யோசனைக்கு வேர் 1902-இல். பெயர் ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவருக்குப் போனது. அந்த முதல் ஹப்பை உண்மையில் வடிவமைத்தவர் வில்லியம் ரைலி. அவர் பெயர் எந்த ஹப்பிலும் இல்லை. இப்போதாவது ஒரு தமிழ்க் கட்டுரையில் இருக்கட்டும். என் கையில் இருந்த ஏ.டபிள்யூ. வடிவம் 1936-இல் வந்தது. 2000-இல் ஸ்டர்மி ஆர்ச்சர் கைமாறி தைவானின் சன்ரேஸிடம் போன பிறகும், இதே அடிப்படையில் மூன்று கியர் ஹப் இன்னும் செய்கிறார்கள்.

கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. கூண்டின் ஓரத்தில் பிறை வடிவத்தில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றன. ஃப்ரீவீலுக்குள் இருக்குமே, அதே மாதிரி. ஒவ்வொன்றின் அடியிலும் தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். பசையில் ஒட்டிக்கொண்டு ஒரு கொக்கி எழவே இல்லை, மற்றதன் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது. பல்சக்கரங்களில் மட்டும் ஒரு கீறல் இல்லை. அறுபது வருஷத்துக்குப் பிறகு பல்லின் முனை நேற்று அறுத்த மாதிரி கூராக இருந்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, புது ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டேன். கொக்கியையும் ஸ்பிரிங்கையும் இடுக்கியால் பிடித்து ஊசி அளவு ஆணியை நுழைப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்பா ஒரு நிமிடம்கூட எழுந்து போகவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கும் "இரு இரு" என்றுதான் சொன்னார்.

சேர்த்த பிறகு கேபிள். இந்த இடத்தை விவரமாகச் சொல்ல வேண்டும்.

அச்சின் வலது முனையிலிருந்து குட்டிச் சங்கிலி ஒன்று வெளியே வந்து கேபிளோடு சேர்கிறது. சேருமிடத்தில் விரலால் திருகுகிற ஒரு குழல் உண்டு. லீவரை நடுக் கியரில் வைத்துவிட்டு, அச்சு நட்டில் இருக்கிற ஓட்டை வழியாகப் பார்த்தால், சங்கிலி பூட்டிய கம்பியின் விளிம்பு தெரியும். அது அச்சின் முனையோடு சரிமட்டமாக நிற்க வேண்டும். உள்ளே போயிருந்தாலும் தப்பு, வெளியே நீட்டியிருந்தாலும் தப்பு. ஏனென்றால் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கிளட்ச் எதையும் பிடிக்காத ஓர் இடம் இருக்கிறது. கேபிள் தளர்ந்திருந்தால் கிளட்ச் அங்கே போய் நிற்கும். எழுந்து நின்று மிதிக்கிற நேரத்தில் பெடல் திடீரென்று பிடிமானம் இல்லாமல் கீழே போய்விடும். ஆளைக் கீழே தள்ளிவிடும் அளவுக்கு அபாயம். ஏ.டபிள்யூ. ஹப் வழுக்குகிறது என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெரும்பாலும் கடைசியாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான், இதோடு சரியாகிவிடும்.

நான் இதைத் திரையில் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா குறுக்கே கேட்டார். "அப்ப டாக்டரம்மா வண்டி?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். திடீர் திடீரென்று வழுக்கிக்கொண்டு போகிறது என்றுதானே அந்த அம்மா சொன்னார்.

"அந்தக் குழலை ரெண்டு சுத்து திருகியிருந்தா போதும், இல்லையாம்மா?"

"அப்படித்தான் இருந்திருக்கும்பா."

"எங்கப்பா அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாரு. என்னமோ செயின் தொங்குதேன்னு சொன்னாரு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரிக்கத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிய மனிதர், பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சொல்லிக் கொடுக்க அன்றைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை, கையேடும் இல்லை. இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடித்திருப்பார். அந்த விரல்களை எனக்குத் தெரியும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டயர் 26 அங்குலம், அகலம் ஒன்றும் எட்டில் மூன்றும் அங்குலம். உள் விட்டம் 590 மில்லிமீட்டர். இன்றும் கடைகளில் கிடைக்கிறது. பிரேக் கட்டைகளை மாற்றினேன். இரும்பு ரிம் மழையில் நனைந்தால் எந்தக் கட்டை போட்டாலும் வண்டி சீக்கிரம் நிற்காது. அதனால் மழை நாளில் மெதுவாகப் போகிறேன், தூரத்திலேயே பிடிக்கிறேன். சீட்டு ப்ரூக்ஸ், தோல். காய்ந்து வெடிக்கிற நிலையில் இருந்தது. அதற்கென்றே விற்கிற மெழுகை அடியிலும் மேலிலும் மாதக் கணக்கில் தடவினேன். பெரியவரின் மனைவி உட்கார்ந்து பள்ளமான இடம் இன்னும் இருக்கிறது. எனக்கு அது ஏறக்குறையப் பொருந்துகிறது.

மாற்றியது ஒன்றே ஒன்று. பின்னால் இருந்த 18 பல் சக்கரத்தை எடுத்துவிட்டு 22 பல் போட்டேன். ஒரு கம்பி வளையத்தை நெம்பி எடுத்தால் அது கழன்றுவிடும், ஐந்து நிமிட வேலை. முன்னால் 46 பல். பழைய அமைப்பில் முதல் கியரில்கூட பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 4 மீட்டர் போகும். லென்டனிலிருந்து டெர்பி சாலையில் கேனிங் சர்க்கஸ் மேட்டை ஏற அது எனக்குக் கனம். இப்போது மூன்றேகால் மீட்டர். மூச்சு வாங்காமல் ஏறுகிறேன். பழைய சக்கரத்தைத் துணியில் சுற்றி எழுதி வைத்திருக்கிறேன், அடுத்து யாரிடம் இந்த வண்டி போகிறதோ அவருக்காக.

ஓட்டுகிற சுகத்தை எப்படிச் சொல்வது? முதுகு நேராக இருக்கிறது, தலை நிமிர்ந்து இருக்கிறது. சாலையோரத்து வேலிகளுக்கு மேலாகத் தோட்டங்கள் தெரிகின்றன. ஃபிரேம் இளக்கமானது, முன் ஃபோர்க் நன்றாக வளைந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். கல் பாவிய தெருவில் குலுக்கல் கைக்கு வருவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. சிக்னலில் நின்றபடியே கியர் மாற்றலாம். புது சைக்கிள்களில் சங்கிலி தாவுவதற்குப் பெடல் சுற்றியாக வேண்டும், இதில் வேண்டியதில்லை. காலைப் போக்குவரத்தில் இதன் அருமை தெரியும். வேகம் என்று பார்த்தால் எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

சனிக்கிழமைகளில் பீஸ்டன் கால்வாய்க் கரை வழியாக ஆட்டன்பரோ ஏரிகளுக்குப் போவேன். தண்ணீரோரம் சாம்பல் நாரை ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கும். என் சைக்கிளின் முன் பல்சக்கரத்திலும் மூன்று நாரைத் தலைகள் வெட்டியிருக்கின்றன. ஃபிராங்க் பௌடனின் குடும்பச் சின்னம் நாரை, அதுவே ராலேயின் முத்திரையானது. முதல் தடவை இரண்டையும் ஒருசேரப் பார்த்த அன்று நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பெரியவருக்குக் காட்டினேன். படத்தில் நாரையை அவர் பார்க்கவே இல்லை. பின்சக்கரத்தை விரலால் பெரிதாக்கி, கம்பிகள் ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் கோர்த்தது நன்றாகத்தான் நிற்கிறது" என்றார்.

போன வாரம் கால்வாய்க் கரையில் போகும்போது அப்பா கூப்பிட்டார். ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றதும், "ஃபோனை ஹப் பக்கத்துல பிடி, சத்தம் கேக்கணும்" என்றார். இறங்கி, வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஒரு கையால் பெடலைச் சுற்றினேன். மூன்றாவது கியரில் டிக் டிக் டிக் என்று சுவர்க்கடிகாரம் போல ஓடியது. இரண்டாவதில் அதே டிக், கொஞ்சம் நிதானமாக. முதல் கியருக்கு மாற்றினேன்.

"நின்னுட்டியா?"

"இல்லப்பா, சுத்திட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுல சத்தம் வராது."

"ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "இரு, சொல்லாத" என்றார். கால்வாயில் ஒரு படகு போய் அலை கரையில் தட்டி அடங்குகிற வரைக்கும் பேசவில்லை. "மத்த ரெண்டுலயும் வளையம்தான் சக்கரத்தை ஓட்டுது. சக்கரம் கூண்டைவிட வேகமா ஓடுது. அதனால கூண்டுல இருக்குற கொக்கி சும்மா உரசிட்டே வருது, அதுதான் டிக் டிக். ஒண்ணாவதுல கூண்டே சக்கரத்தை ஓட்டுது. அப்ப அந்தக் கொக்கி கடிச்சுப் பிடிச்சிருக்கும், உரசாது. சரியா?"

"சரிப்பா."

"அப்ப வளையத்துல இருக்குற கொக்கி?"

"கிளட்ச் அதை உள்ள மடக்கி வெச்சிருக்கும்."

"ஆமா, மடக்கித்தானே ஆகணும்" என்றார். "மறுபடியும் மூணுல போடு, கேப்போம்."